மௌனமும் ஊமை ஜாடையும்

நடிப்புப் பயிற்சி வகுப்புகளில் மாணவனிடமிருந்து முதலில் வார்த்தையைப் பறிமுதல் செய்வது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. வசனமில்லாமல் ஒரு காட்சியைச் செய்து கதை சொல்ல வேண்டும். தமிழில் இதற்கு நியாயமான காரணம் உண்டு. நம்முடையது காதால் பார்க்கப்பட்ட மேடை. எங்கள் மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுக்குப் பாட்டுதான் உயிர். பின்னால் வந்த சபா நாடகமும் சினிமாவும் பாட்டு இருந்த இடத்தில் அடுக்குமொழியையும் சிரிப்புத் துணுக்கையும் வைத்தனவே தவிர, பேசுகிறவனின் உடம்பு அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பெரிதாகக் கவலைப்படவில்லை. 1977இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. ராமானுஜம் நடத்திய 70 நாள் முகாம், அதே வருஷம் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை இவற்றுக்குப் பிறகே உடம்பும் பயிற்சிக்குரிய விஷயம் என்பது இங்கே பரவலாக ஏற்கப்பட்டது. இந்த லாபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே என் கேள்வி.

சென்ற ஆண்டு தூத்துக்குடியில் கல்லூரி மாணவர்களுக்கான ஒரு நடிப்பு வகுப்பை, பாங்க் வேலை முடிந்து ஆலந்தலைக்குப் பஸ் ஏறுவதற்கு முன், நான்கு மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் கொடுக்கப்பட்ட காட்சி இது: கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, வீட்டுக்குச் செய்தி வருகிறது. செய்தி கொண்டுவந்த பையன் உள்ளங்கையை அலை அலையாக அசைத்தான். இரண்டு கைகளையும் குவித்து வள்ளமாக்கினான். ஒரு விரலை நிமிர்த்திக் காட்டி, அதை மடக்கி, தலையை இடவலமாக ஆட்டினான். தாயாக நின்ற பெண் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். எல்லோருக்கும் புரிந்தது, கைதட்டினார்கள். எனக்கும் புரிந்தது. ஆனால் அதற்குமேல் ஒன்றும் நிகழவில்லை. அந்தக் கை ‘கடல்’ என்றது, ‘வள்ளம்’ என்றது, ‘வரவில்லை’ என்றது. எழுவாய் பயனிலை எல்லாம் ஒழுங்காக இருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

இதை அபிநயத்தோடு ஒப்பிட்டுச் சமாதானம் சொல்வது சரியல்ல. கூடியாட்டத்தின் கைமுத்திரை ஒரு முழு மொழி. அதைக் கற்க வருஷங்கள் பிடிக்கும். வாசிக்கத் தெரிந்த பார்வையாளனும் வேண்டும். நம் மாணவனிடம் இரண்டும் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாப் பெயரை ஜாடையில் காட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டு. வார்த்தையை எடுத்துவிட்டால் மௌனம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். வருவது ஊமை ஜாடைதான். ஏன் இந்த மனிதர்கள் இந்த இடத்தில் பேசவில்லை என்ற கேள்விக்குக் காட்சிக்குள்ளேயே பதில் இல்லாதவரை அப்படித்தான் ஆகும். 1987இல் வந்த சிங்கீதம் சீனிவாசராவின் ‘பேசும் படம்’ ஒரு வணிகப் படம்தான். ஆனாலும் அவனையும் அவளையும் பேச்சு எட்டாத தூரத்தில் நிறுத்தவேண்டும் என்ற விவேகம் அதில் பல இடங்களில் இருக்கிறது.

மூன்றாம் நாள் ஆசிரியர் ஒரு கயிறு கொண்டுவந்தார். நாலு பாகம் இருக்கும். முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்று சுருக்கமாகச் சொன்னார். குளிப்பவன் கல்லின் பாரத்தோடு கீழே இறங்குவான். வள்ளத்தில் இருப்பவன் கையில் கயிறு. கீழே மூச்சு தாங்குவது ஏறக்குறைய ஒரு நிமிஷம். கயிற்றைச் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். அவ்வளவுதான் இருவருக்கும் இடையேயான பாஷை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல் என்பதால், அங்கிருந்த கடற்கரைப் பிள்ளைகளுக்கும் இது கேள்விப்பட்ட கதை மட்டுமே.

ஒருவன் பெஞ்சுகளுக்குப் பின்னால் மூச்சையடக்கிக் குப்புறப் படுத்துக்கொண்டான். இன்னொருவன் இந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்தான். பிடித்தவன் உடனே நெற்றியில் கைவைத்துக் கடலைத் துழாவ ஆரம்பித்தான். “தம்பி, எங்களுக்குக் காட்டாதீங்க. கயித்தைப் பாருங்க” என்றார் ஆசிரியர். பார்த்தான்; பயனில்லை. பிறகு அவர் சொன்னார்: “கீழ கிடக்கது உங்க மச்சான். உங்க தங்கச்சியக் கட்டினவரு.” கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது என்பதால், என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அவனும் அதைக் கேட்டிருப்பான்.

இதற்குப் பிறகு நடந்ததை நடிப்பு என்று சொல்லத் தயங்குகிறேன். தொய்ந்து கிடந்த கயிற்றை அவன் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிக்கொண்டான். மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, வேண்டாமென்று அவிழ்த்தான். பின்வரிசையில் யாரோ இருமியபோது கோபமாகத் திரும்பினான். கயிறு அசைந்தது. அவன் இழுக்கவில்லை. சுண்டியதா, தனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று அவனுக்குச் சந்தேகம். மறுபடி அசைந்தது. இழுத்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. யாரும் கைதட்டவில்லை. “இப்ப ஒரே ஒரு வார்த்தை பேசலாம்” என்றார் ஆசிரியர். எழுந்து வந்தவனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இவன் கேட்டான்: “ஏம்ல?”

முதல் நாள் காட்சியில் செய்தி இருந்தது, கதை இல்லை. இங்கே செய்தி என்று எதுவுமில்லை. ஒரு உறவும், கையில் பிடிக்க ஸ்தூலமான ஒரு பொருளும், மூச்சு என்ற ஒரு கெடுவும் இருந்தன. பேசிப் பயனில்லாத இடம், தண்ணீருக்குள் குரல் போகாது. ஆகவே மௌனம் ஆசிரியரின் கட்டளையாக அல்லாமல் நிலைமையின் நிர்ப்பந்தமாக வந்தது.

ஜெர்மானிய நாடகாசிரியர் ஃப்ரான்ஸ் சேவர் க்ரோட்ஸ் 1970களின் தொடக்கத்தில் எழுதிய ஒரு நாடகத்தில் ஒரு வார்த்தைகூட வசனமில்லை. அதன் தலைப்பை நம் வானொலி மொழியில் சொன்னால் ‘நேயர் விருப்பம்’. வேலைக்குப் போய் அறைக்குத் திரும்பும் ஒரு பெண் தனக்கு மட்டும் சாப்பாடு எடுத்துவைக்கிறாள், கழுவுகிறாள், துடைக்கிறாள், ரேடியோ கேட்கிறாள், கடைசியில் மாத்திரைகளை விழுங்குகிறாள். 1980களில் ரஸ்தம் பரூச்சாவும் மானுவல் லூட்கன்ஹோர்ஸ்டும் இதைக் கல்கத்தா, பம்பாய், சென்னை மேடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கயிற்றின் மறுமுனையில் ஆளில்லை. அறையில் வார்த்தை இல்லாமலில்லை. ரேடியோவில் யார் யாரோ யார் யாருக்கோ பாட்டு விரும்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவை அவளுக்கானவை அல்ல, அவ்வளவுதான். அவள் பேசாததை அபிநயித்துக் காட்ட எந்த நடிகைக்கும் அவசியமிருக்காது. பாத்திரத்தைக் கழுவினால் போதும்.

இதையெல்லாம் மௌனத்துக்கான வக்காலத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நவீன நாடகம் என்ற பெயரில் கோணிச்சாக்கு உடுத்தி, மெதுவாக நடந்து, மேலே வெறித்துப் பார்க்கும் மௌனங்களைப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. அதுவும் ஜாடைதான், ‘நான் ஆழமானவன்’ என்று சொல்லும் ஜாடை. வார்த்தையை எடுப்பது அதை நிரந்தரமாக ஒழிப்பதற்கு அல்ல, திரும்ப வரும்போது அதற்கு ஒரு கனம் இருக்கவேண்டும் என்பதற்காக. அந்த “ஏம்ல?” பேசி வந்த வார்த்தையல்ல, காத்திருந்து வந்த வார்த்தை.

துரதிர்ஷ்டவசமாக நான்காம் நாள் கல்லூரி விழாவுக்கான ஒத்திகை என்று, எல்லோரும் கண்ணுக்குத் தெரியாத சுவரைத் தடவப் போய்விட்டார்கள். கயிறு மூலையில் கிடந்தது. அந்த ஆசிரியர் மறுபடி எடுப்பாரென்றால் அவருக்கு என் சார்பில் ஒரு காட்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்களில், எங்கள் நகைக்கடன் கவுண்டரில் தினமும் பார்ப்பது. ஒரு பெண் வளையலைக் கழற்றப் பார்க்கிறாள். அது மணிக்கட்டு எலும்பில் தடுக்குகிறது. மதிப்பீட்டாளர் அதை வாங்கி உரைகல்லில் தேய்க்கிறார். அவள் கல்லைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கிறாள். முதல் நாள் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்த மாணவி இதைச் செய்து பார்க்கட்டும். வளையல் மட்டும் நிஜமாக இருக்கவேண்டும், கொஞ்சம் இறுக்கமாகவும்.