சூரியன் பக்கம், நிலா பக்கம்

ஃப்ரிடா காலோவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெக்ஸிகோ ஓவியர். சேர்ந்த புருவம், தலையில் பூ. டீ ஷர்ட், தலையணை உறை வரைக்கும் வந்துவிட்டார். 2002-ல் சல்மா ஹாயெக் நடித்துப் படமும் வந்தது. நம்மூர் முதுகுவலிக்காரர்களுக்கு அவர் நெருங்கிய சொந்தம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

1925 செப்டம்பரில், 18 வயதில், அவர் போன பஸ்மேல் டிராம் மோதியது. முதுகெலும்பும் இடுப்பும் நொறுங்கின. 1944-ல் வரைந்த 'உடைந்த தூண்' படத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். நடுவில் பிளந்த உடம்பு, முதுகுத்தண்டு இருக்கவேண்டிய இடத்தில் விரிசல் விட்ட கல்தூண், இரும்பு பெல்ட், மேலெல்லாம் ஆணி. பிரமாதமான படம்தான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. உடம்பில் ஆணி தெரிந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? நம்பாததுதானே இங்கே பிரச்னையே!

என் ஓட்டு 1946-ல் வரைந்த 'நம்பிக்கை மரம்' படத்துக்கு. அந்த வருஷம் நியூயார்க்கில் அவருக்கு ஆபரேஷன். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து, உலோகத் தண்டு வைத்து முள்ளெலும்புகளை ஒட்டவைத்தார்கள். படத்தில் இரண்டு ஃப்ரிடா. ஒருத்தி ஸ்ட்ரெச்சரில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள். வெட்டுக் காயத்தில் ரத்தம். இன்னொருத்தி சிவப்பு உடுப்பில், விசேஷத்துக்குக் கிளம்பியவள் மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். கையில் பெல்ட்.

வெட்டுப்பட்டவள் பக்கம் சூரியன். உடுத்தி உட்கார்ந்தவள் பக்கம் நிலா. இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். காயம் வெளிச்சத்தில் இருக்கிறது. டாக்டர் பார்க்கலாம், ஸ்கேன் பார்க்கலாம், ஆரஞ்சுப் பையோடு சொந்தக்காரர்கள் பார்க்கலாம். தையல் ஆறி, நல்ல சேலை கட்டி எழுந்து உட்கார்ந்தவளுக்குத்தான் ராத்திரி.

ராஜபாளையம் நூல்மில்களில் ஷிப்ட் என்றால் நின்றும் நடந்தும்தான். பக்கத்தில் சத்திரப்பட்டி விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். காயத்துக்குக் கட்டுத்துணி தருகிற பூமி. கட்டைப் பிரித்த பிறகும் வலித்தால் அங்கேயும் இதே வசனம்தான்: "ஆளைப் பாத்தா நல்லாத்தான இருக்கீக மதினி? ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இன்னுமா வலிக்கு?" ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கல்யாணத்துக்கு வந்து பந்தி விசாரிக்காமல் உட்கார்ந்தால், சோம்பேறிப் பட்டம். வழியில் எத்தனை வேகத்தடை என்று அந்த மதினியைக் கேட்டுப் பாருங்கள், எண்ணிச் சொல்வார். (அதே ஊரில் வடபத்ரசாயிப் பெருமாள் படுத்தபடியே சேவை சாதிக்கிறார். அவரை யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை.)

நான் படித்தது பி.காம். இரண்டு பக்கமும் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடுவோம். மருத்துவமும் அதையே செய்தது. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் நீடிக்கிற வலிக்கு 'ஃபெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்' என்று தலைப்பு கொடுத்தது. ஃபெயிலானது யார்? சர்ஜனா, முதுகா, நோயாளியா? ஆபரேஷன் ஒழுங்காகவே நடந்திருக்கலாம். வருஷக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நரம்பு, விடுபட்ட பிறகும் பழைய அலாரத்தை அடித்துக்கொண்டே இருக்கலாம். 2021-ல் நிபுணர்கள் சிலர் 'பெர்சிஸ்டெண்ட் ஸ்பைனல் பெயின் சிண்ட்ரோம்' என்று மாற்றச் சொன்னார்கள். நீடிக்கிறது என்று ஒப்புக்கொண்டதே பெரிசு!

வலி நிபுணர்கள் சொல்கிற யோசனைகளில் எனக்குப் பிடித்தது: நல்ல நாளாக இருக்கிறதே என்று மொத்த வேலையையும் ஒரேயடியாக முடித்துவிட்டு மூன்று நாள் படுக்காதீர்கள், தினம் கொஞ்சம், நடுவில் ஓய்வு. நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் உண்டு, டாக்டர் சொன்னால் மட்டும். கால் பலமிழந்தாலோ சிறுநீர்க் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஃப்ரிடாவை 'வலியை வென்ற வீராங்கனை' என்று போஸ்டர் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை. 1950-ல் மறுபடி ஆபரேஷன்மேல் ஆபரேஷன், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. வலி மாத்திரையும் மதுவும் கூடவே இருந்தன. 1954-ல், 47 வயதில் போய்ச் சேர்ந்தார். வலி ஜெயித்த நாட்கள்தான் நிறைய.

ஆனாலும் 1953-ல் ஒன்று செய்தார். சொந்த நாட்டில் முதல் தனிக் கண்காட்சி. எழுந்திருக்க முடியாத நிலை. கட்டிலை முன்னாடியே அனுப்பிவிட்டு, ஆம்புலன்ஸில் போய் இறங்கி அதில் படுத்துக்கொண்டார். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். நம் கல்யாண மண்டபத்தில், முன்வரிசையில், மதினிக்கு ஒரு கட்டில் போட யார் சம்மதிப்பீர்கள்?