காஞ்சியில் ஒரு பனிமலை: கயிலாசநாதர் கோயிலை ரசிப்பது எப்படி?

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலம். ஃபூஜி எரிமலைக்குப் போக முடியாதவர்களுக்காக அந்த மலையையே ஊருக்குள் கட்ட 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலர் கிளம்பினார்கள். ஃபூஜியிலிருந்து எரிமலைக் கற்களைச் சுமந்து வந்து, சில மீட்டர் உயரத்துக்கு அடுக்கி, வளைந்து ஏறும் பாதை போட்டு, உச்சியில் குட்டிக் கோயிலும் வைத்தார்கள். நடை தளர்ந்த முதியவர்கள் ஏறினார்கள். அசல் ஃபூஜியில் 1872 வரை தடுக்கப்பட்டிருந்த பெண்களும் ஏறினார்கள். 3,776 மீட்டர் பனிமலை தெருமுனைக்கே வந்துவிட்டது. ஃபூஜிசுகா எனப்படும் அந்தக் குன்றுகளில் சில இன்றும் டோக்கியோவில் இருக்கின்றன.

காஞ்சிபுரத்தில் இந்த வேலை அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஊரின் மேற்கே, பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்களைத் தாண்டினால் கயிலாசநாதர் கோயில். இராசசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. வெளியூர்க்காரர்கள் பலர் காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் தரிசித்து, முகூர்த்தப் பட்டு எடுத்து, மிச்சமிருக்கும் அரை மணி நேரத்தில் இங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மலைக்குப் போகிறவர் அப்படிப் போவதில்லை. இதற்குக் குறைந்தது ஒரு காலைப் பொழுது வேண்டும். கோயில் கிழக்கு நோக்கியது என்பதால் இளவெயில் நேராக முகப்பில் விழும். கல் சுடுவதற்குள் வெறுங்காலோடு சுற்றி முடிக்கவும் அந்த நேரம்தான் தோது.

ஃபூஜியில் ஏறுவார்கள், கயிலையில் ஏற மாட்டார்கள். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கோயில் பாதி புரிந்துவிடும். திபெத்தில் 6,638 மீட்டர் உயரத்தில் நிற்கும் கயிலையின் உச்சியில் யாரும் கால் வைத்ததாகப் பதிவில்லை. யாத்ரீகர்கள் அடிவாரத்தில் ஏறக்குறைய 52 கிலோமீட்டர் சுற்றி வருகிறார்கள். நடுவே 5,600 மீட்டருக்கும் மேலான டோல்மா கணவாயைக் கடக்கிறார்கள். தமிழ் மரபுக்கு இது புதிதல்ல. கயிலையில் கால் படலாகாது என்று தலையால் நடந்து போனவர் காரைக்கால் அம்மையார் என்கிறது பெரியபுராணம். ஆகவே இந்தக் கோயிலிலும் நேரே கருவறைக்கு ஓட வேண்டாம். முதலில் சுற்ற வேண்டும்.

இன்று மங்கிய மஞ்சளாகத் தெரியும் இந்தக் கோயிலை வெள்ளையாகக் கற்பனை செய்துகொள்வது அடுத்த பயிற்சி. மணற்கல்லின் மேல் சுண்ணச்சாந்து பூசி, வண்ணம் தீட்டி வைத்திருந்தார்கள். அதன் திட்டுகள் அங்கங்கே ஒட்டியிருக்கின்றன. விமானத்தைச் சுற்றியுள்ள வடமொழிக் கல்வெட்டு, கோயிலை அரசனின் புகழுக்கும் சிவனின் சிரிப்புக்கும் ஒப்பிடுகிறது. காவிய மரபில் புகழும் சிரிப்பும் வெள்ளை நிறம். பாலாற்றங்கரை வெயிலில் பனிமலையைக் காட்ட அந்தக் கல்வெட்டை எழுதிய கவிஞருக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

முதல் நிறுத்தம் வாசலுக்கு வெளியே. வரிசையாக நிற்கும் சிறு கோயில்களைப் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. அவற்றுள் ஒன்று இராசசிம்மனின் அரசி ரங்கபதாகை கட்டியது. அவள் பெயர் கல்லில் இருக்கிறது. அடுத்து, வழியை மறித்து நிற்கும் சன்னிதி மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் எழுப்பியது. அரசன் ஒரு மலையைக் கட்ட, மனைவியும் மகனும் முன்னால் குன்றுகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

உள்ளே போனதும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள். இங்கேதான் நேரம் போவது தெரியாது. ஒவ்வொன்றிலும் நின்று பார்க்கிறவருக்குச் சிவன் ஆடுவதும், யானையை உரிப்பதும், சடையில் கங்கையை ஏந்துவதும் அடுத்தடுத்து வரும். இராசசிம்மன் தனக்குச் சூட்டிக்கொண்ட இருநூறுக்கும் மேற்பட்ட பட்டப்பெயர்களும் இச்சுவரெங்கும் வெட்டப்பட்டிருக்கின்றன. அடக்கம் அவனுடைய குணங்களில் ஒன்றாக இருந்திருக்காது! சில மாடங்களுக்குள் குனிந்து பார்த்தால் ஓவியத் துணுக்குகள் தெரியும்: ஒரு முகத்தின் கோடு, கொஞ்சம் செம்மண் நிறம். புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் 1930-களின் தொடக்கத்தில் இவற்றை உலகுக்குக் காட்டினார். சோமாஸ்கந்தர் ஓவியத்தில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருக்க வேண்டும். கைப்பேசி விளக்கை அடிப்பது ஓவியத்துக்கும் நல்லதல்ல, பார்ப்பவருக்கும் பயனில்லை.

ஓர் எச்சரிக்கை. பல சிற்பங்களின் மேல் பிற்காலத்தார் தடித்த சாந்தை அப்பியிருக்கிறார்கள். வீங்கிய கன்னமும் மொழுக்கென்ற விரல்களும் பல்லவச் சிற்பியின் கைவேலை அல்ல. சாந்து உதிர்ந்த இடத்தில் தெரியும் மெல்லிய இடையையும் கூர்மையான அணிகளையும் பார்த்தே அவனை எடைபோட வேண்டும்.

மதிலைச் சுற்றிய பிறகு விமானத்துக்கு முதுகைக் காட்டாமல் திரும்பி நிற்கலாம். அடித்தளத்தில் பூதகணங்கள் வரிசையாக இருக்கின்றன. பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் மூலைக்கு மூலை தூண்களைத் தாங்குகின்றன; அரசன் பெயரில் இருக்கும் சிம்மம் அது. தென்சுவரில் தட்சிணாமூர்த்தி. அதற்கு மேலே தளம் தளமாகச் சிறுத்துப் போகும் சிகரம். அடியில் கருங்கல், மேலே மணற்கல். அசல் கயிலையும் ஏறக்குறைய இப்படித்தான்: கீழே கிரானைட், அதன் மேல் கூழாங்கற்கள் இறுகிப் படிந்த படிவுப் பாறை. சிற்பிகள் இதை அறிந்து செய்திருக்க வழியில்லை. பாரம் தாங்க உறுதியான கல், செதுக்க மெதுவான கல் என்பதே அவர்கள் கணக்கு. ஆனாலும் நிலவியல் தெரிந்தவர்களுக்கு இந்த ஒற்றுமை ஒரு தனிச் சுகம்.

இனி கருவறை. பதினாறு பட்டை லிங்கம், பின்சுவரில் சோமாஸ்கந்தர். கருவறையைச் சுற்றி வரும் வழி சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. நுழையும் இடத்தில் தவழ வேண்டும். வெளியே வருவதும் அப்படியே. சுற்றி வந்தால் மறுபிறப்பில்லை என்பது உள்ளூர் நம்பிக்கை. கயிலைக்கு நடந்த அப்பர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்த கதை தெரிந்தவர்களுக்கு அந்த இடுக்கில் வேறொரு நினைப்பும் வரும். உடல் கனத்தவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் வீம்புக்கு இறங்க வேண்டாம். படம் எடுப்பதற்காக மட்டும் போகிறவர்கள் பின்னால் காத்திருப்பவர்களை நினைத்துக்கொண்டால் போதும்.

வெளியே வரும் வழியில் மண்டபத் தூண் ஒன்றில் கன்னட எழுத்து இருக்கிறது. 740-ஐ ஒட்டிக் காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லும் கல்வெட்டு. பகை ஊரில் வெட்டிய வெற்றிச் செய்தியில் இப்படி ஒரு வரி அபூர்வம். பிறகு அவன் அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலைக் கட்டினாள். காஞ்சியின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். சாளுக்கியரை வீழ்த்திய இராட்டிரகூடரில் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் எல்லோராவில் இன்னொரு கயிலாசம் உருவானது. அங்கே கல்லை அடுக்கவில்லை. மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்துகொண்டே வந்தார்கள். காஞ்சியை நிதானமாகச் சுற்றியவர்கள் எல்லோராவுக்குப் போனால் கோயிலுக்குள் நுழையும் முன் பக்கத்துச் சரிவில் ஏறிவிட வேண்டும். காஞ்சியில் அண்ணாந்து மட்டுமே பார்க்க முடிந்த சிகரத்தை அங்கே மேலிருந்து பார்க்கலாம்.