சாவியில் படிந்த கறை

நீலத்தாடியின் மாளிகையில் கண்ணாடிகளுக்குக் குறைவே இல்லை. ஆறு வார வேலையாக அவன் வெளியூர் கிளம்பியதுதான் தாமதம், புதுப்பெண்ணின் தோழிகள் அழைப்புக்குக்கூடக் காத்திராமல் ஓடிவந்து அறை அறையாகத் திறந்து பார்க்கிறார்கள். கட்டில்கள், மேசைகள், திரைச்சீலைகள். அவற்றோடு, உச்சி முதல் உள்ளங்கால் வரை உருவத்தை முழுதாகக் காட்டும் பெரிய பெரிய நிலைக்கண்ணாடிகள். சட்டங்களில் வெள்ளியும் பொன்முலாமும் மின்னுகின்றன. தோழிகள் மலைத்துப்போய் நிற்கிறார்கள். புதுப்பெண்ணுக்கு மட்டும் எதிலும் மனம் ஒட்டவில்லை. கீழ்த்தளத்து நீண்ட கூடத்தின் கோடியில் இருக்கும் ஒரு சின்ன அறை அவளை இழுக்கிறது. அதை மட்டும் திறக்கக்கூடாது என்று சொல்லி, அதன் சாவியையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் கணவன்.

விருந்தாளிகளை விட்டுவிட்டு, தடுக்கி விழுந்து கழுத்து முறிந்துவிடுமோ என்னும் அவசரத்தில் படியிறங்குகிறாள். கதவைத் திறக்கிறாள். சன்னல்கள் மூடியிருப்பதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழகத் தரை தெரிகிறது. தரை முழுவதும் உறைந்த இரத்தம். அந்த இரத்தத்துக்குள், சுவரோரமாகக் கட்டப்பட்டிருக்கும் அவனுடைய முந்தைய மனைவியரின் உடல்கள் பிரதிபலிக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சுவரில் உடல்கள் இருந்தன என்று நேராகவே சொல்லியிருக்கலாம், பயத்துக்கு அதுவே போதும். இந்தக் கதையை எழுதிய சார்ல் பெரோ அப்படிச் சொல்லவில்லை. அவளுடைய பார்வை முதலில் தரையில்தான் விழுகிறது. செத்தவர்களை அவள் பார்ப்பது தரையின் வழியாக. மேல்தளத்தில் வெள்ளிச் சட்டமிட்ட கண்ணாடிகள் வரிசையாக நிற்க, கீழே சட்டமே இல்லாத ஒரு கண்ணாடி இருளில் விரிந்து கிடக்கிறது. மாளிகையின் செல்வத்தைக் காட்டிய அதே பொருள், மாளிகையின் உண்மையையும் காட்டிவிடுகிறது. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே இருப்பது ஒரு படிக்கட்டுதான். எவ்வளவு சிக்கனம், எவ்வளவு நேர்த்தி!

1697இல் பாரிசில் வெளிவந்த சிறிய தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. பெரோவுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. பதினான்காம் லூயியின் அரசில் பணிபுரிந்து ஓய்ந்தவர், பிரெஞ்சு அகாதமியின் உறுப்பினர். அவ்வளவு பெரிய மனிதர் பாட்டிகள் சொல்லும் கதைகளை எடுத்துச் செதுக்கி இந்தத் தொகுப்பில் வைத்தது எட்டே எட்டு. அந்த எட்டுக்குள் சிண்டரெல்லாவும் சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமியும் உறங்கும் அழகியும் அடங்கிவிட்டார்கள்.

அந்தக் கதைகளை 1977இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஏஞ்சலா கார்ட்டர். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1979இல், ‘த பிளடி சேம்பர்’ என்ற அவருடைய தொகுப்பு வந்தது. பழைய கதைகளைப் புதிதாய் நெய்த பத்துக் கதைகள். நூலின் பெயரையே தாங்கிய முதல் கதை நீலத்தாடியின் மறுபிறப்பு. பெரோவின் ஒவ்வொரு வரியையும் கையிலெடுத்து எடைபார்த்த ஒருவர் எழுதிய கதை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். நாட்டுப்புறக் கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஓநாயின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கார்ட்டரின் வழி வேறு. பழைய கதையில் ஏற்கெனவே கிடக்கும் பொருள் ஒன்றை எடுத்து, அது இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்த்தி வைக்கிறார். அந்த ஒரு சாண் நகர்வில் கதை முழுவதும் ஒளி மாறிவிடுகிறது.

அந்தக் கண்ணாடிகளையே பாருங்கள். பெரோவிடம் தோழிகள் வியந்த நிலைக்கண்ணாடிகளைக் கார்ட்டர் மணவறைக்குள் கொண்டுவந்து, கட்டிலைச் சுற்றி நிறுத்திவிடுகிறார். அறையெங்கும் வெள்ளை லில்லி மலர்கள். கண்ணாடிகளில் அவை பல மடங்காகப் பெருகி மூச்சுமுட்ட வைக்கின்றன. மணப்பெண்ணும் பலராகிவிடுகிறாள். அவளை நெருங்கும் கணவன் ஒருவன் அல்ல, கண்ணாடிக்கு ஒருவனாகப் பலர். தனக்கு ஓர் அந்தப்புரமே கிடைத்துவிட்டதென்று அவன் மகிழ்கிறான். இந்த மகிழ்ச்சி எவ்வளவு கொடியது என்பது கதையின் பின்பாதியில்தான் நமக்கு உறைக்கும். ஒரு மனைவி போய் இன்னொரு மனைவி, அவள் போய் இன்னொருத்தி என்று வரிசையாகச் சேர்த்தவனுக்கு, கட்டிலில் இருப்பவளும் அந்த வரிசையின் ஒரு பிம்பம்தானே? பெரோ படிக்கட்டுக்குக் கீழே மறைத்து வைத்ததை, மணமான முதல் நாளே நம் கண்முன் விரித்துவிட்டார் கார்ட்டர். பார்த்தும் நாம் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

அடுத்து, அந்தக் கழுத்தணி. மணப்பெண்ணுக்குக் கணவன் தரும் பரிசு: கழுத்தோடு ஒட்டிப் பிடிக்கும், இரண்டு அங்குல அகலமுள்ள மாணிக்கப் பட்டை. அதற்குக் கார்ட்டர் தரும் பூர்வீகம் அற்புதமானது. பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினுக்குத் தப்பிய பிரபுக்கள், கத்தி விழுந்திருக்கக்கூடிய இடத்தில் சிவப்பு நாடா கட்டிக்கொள்ளும் மோஸ்தர் ஒன்று இருந்ததாம். கணவனின் பாட்டி அந்த நாடாவை மாணிக்கத்திலேயே செய்து போட்டுக்கொண்டாள். அதுதான் இப்போது பதினேழு வயதுப் பெண்ணின் கழுத்தில் இருக்கிறது. பெரோவின் கதையில் நீலத்தாடி மனைவியின் தலையை வெட்டத்தான் கத்தியை ஓங்குகிறான். அந்த வெட்டுக்கோட்டைத் திருமணப் பரிசாகவே வரைந்துவிட்டார் கார்ட்டர். தான் வெட்டப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே அளவெடுத்து அலங்காரம் செய்கிறான் அவன். ஓர் ஆபரணத்துக்குள் ஒரு பரம்பரையின் பயம், ஓர் ஆணின் ரசனை, ஒரு கொலைத் திட்டம் மூன்றும் பதிந்திருக்கின்றன. இந்த ஒரு நகைக்காகவே அந்தக் கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பேன்.

இனி சாவி. பெரோவின் சாவி நம் கையில் பிசுபிசுக்கும் சாவி. இரத்தத்தில் விழுந்த அதைத் துடைக்கிறாள், போகவில்லை. கழுவுகிறாள். மணலும் கல்பொடியும் போட்டுத் தேய்க்கிறாள். ஒரு பக்கம் கறை அகன்றால் மறுபக்கம் வந்து நிற்கிறது. மந்திரச் சாவி என்று பெரோ சொல்கிறார். ஆனால் மந்திரத்தைவிட அந்த மணல்தான் என்னைக் கட்டிப்போடுகிறது. மாளிகைக்கு அரசியானவள், அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணைப்போலக் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அத்தனை பட்டும் அந்தத் தேய்ப்பில் உதிர்ந்துவிடுகிறது.

கார்ட்டர் இந்தக் கறையை என்ன செய்கிறார் தெரியுமா? திரும்பி வந்த கணவன் சாவியைப் பார்க்கிறான், அவளை மண்டியிடச் சொல்கிறான், சாவியை அவள் நெற்றியில் அழுத்துகிறான். சாவியிலிருந்த இதயவடிவக் கறை நெற்றிக்கு இறங்கிவிடுகிறது. பெரோவிடம் சாவியின் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கறை, கார்ட்டரிடம் பொருளிலிருந்து உடலுக்குப் போய்விட்டது. எந்தப் பூச்சும் பவுடரும் அதை மறைப்பதில்லை. கணவன் செத்தபிறகும் அது போவதில்லை. பெரோவின் மனைவி, கணவன் விட்டுச்சென்ற செல்வத்தில் தமக்கைக்குத் திருமணம் செய்துவைத்து, சகோதரர்களுக்குப் பதவி வாங்கித் தந்து, தானும் ஒரு நல்லவரை மணந்து பழையதை மறந்துவிடுகிறாள். கார்ட்டரின் நாயகியும் நன்றாகத்தான் வாழ்கிறாள். கணவனின் கோட்டையைப் பார்வையற்றோர் பள்ளியாக்கிவிட்டு, பாரிசின் ஓரத்தில் சின்னதாக ஓர் இசைப்பள்ளி நடத்துகிறாள். மறதி மட்டும் அவளுக்குக் கிடைப்பதில்லை. தப்பித்தவளின் நெற்றியில் தப்பித்ததன் அடையாளம் நிலைத்துவிடுகிறது. கதையை இன்றைய கதையாக்குவது இந்த இடம்தான் என்று நான் நினைக்கிறேன். தொலைபேசியும் ரயிலும் கூடத்தான் அதில் இருக்கின்றன, ஆனாலும் அந்த நெற்றிதான்.

தொலைபேசியைச் சொல்லிவிட்டேன், அதையும் பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு புரளும் காலம். கடல் ஏறினால் துண்டிக்கப்பட்டுவிடும் கோட்டையில் அந்தப் பெண் தனியாக இருக்கிறாள். கணவன் வெளியே போயிருக்கிறான். இன்னும் அந்த அறையைத் திறக்கவில்லை, எதுவும் தெரியாது. அம்மாவுக்குத் தொலைபேசி செய்கிறாள். குரலைக் கேட்டதும் அழுகை பொங்குகிறது. என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. குளியலறையில் தங்கக் குழாய்கள் இருக்கின்றன என்று சொல்லி அழுகிறாள். தங்கக் குழாய்க்காக யாராவது அழுவார்களா? அம்மா அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றிரவே ரயிலேறிவிடுகிறாள். கம்பி வழியாக வந்த விசும்பலைத் தாயின் காது படித்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அந்த இயந்திரம் அதற்காகவே கதைக்குள் வந்ததென்று தோன்றும்.

பெரோவின் கதையில் பெண்ணைக் காப்பாற்றுகிறவர்கள் அவளுடைய இரண்டு சகோதரர்கள். கோபுரத்தின் மேல் நிற்கும் தமக்கை ஆன், யாராவது வருகிறார்களா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். முதலில் வெயிலில் மின்னும் தூசியும் பச்சைப் புல்லும்தான் தெரிகின்றன. பிறகு பெரிய புழுதி எழும்புகிறது, அது ஆட்டுமந்தை. கீழே கணவன் கத்திக்கொண்டே இருக்கிறான். அதற்குப் பிறகுதான் இரண்டு குதிரைவீரர்கள், அவர்களும் வெகு தொலைவில். கதை சொல்லும் கலையில் காத்திருத்தலை இவ்வளவு அழகாக நீட்டிய இடங்கள் குறைவு. கதையில் பெயர் உள்ளவளும் இந்த ஆன் ஒருத்திதான். மனைவிக்குப் பெயர் இல்லை.

கார்ட்டர் ஆனை எடுத்துவிட்டார். அவள் இடத்தில், பியானோவுக்குச் சுருதி சேர்க்க வரும் பார்வையற்ற இளைஞன் ஜான்-ஈவ் நிற்கிறான். பார்த்துச் சொல்வதற்கென்றே இருந்த பாத்திரத்தின் இடத்தில் பார்க்க முடியாதவன்! கார்ட்டரிடமும் மனைவிக்குப் பெயர் கிடையாது, பெயர் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான். அவனால் அவளைக் காப்பாற்ற முடியாது, உடன் நிற்க மட்டுமே முடியும். சன்னல் வழியாகப் பார்க்கவேண்டியவள் இப்போது அவளேதான். அலைகள் குதிரையின் கணுக்காலைத் தொட, கடல் நடுவே செல்லும் பாதையில் ஓர் உருவம் பறந்து வருவதை அவள் பார்க்கிறாள். விதவைக் கறுப்பு, இடுப்பில் சொருகிய பாவாடை, விரிந்த வெள்ளை முடி, ஒரு கையில் கடிவாளம், மறுகையில் துப்பாக்கி. அம்மா.

இந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று கதையின் தொடக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். போரில் இறந்த கணவனின் பழைய துப்பாக்கியைத் தன் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள் அந்தத் தாய், மளிகைக் கடையிலிருந்து திரும்பும் வழியில் திருடர்கள் மறித்தால் உதவுமென்று. படிக்கும்போது புன்னகையோடு கடந்துபோவோம். இந்தோசீனாவில் இளம்வயதில் ஆட்கொல்லிப் புலியொன்றைச் சுட்டவள் அவள் என்பதும் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. மளிகைப் பையோடு நடந்த ஒரு விதவைத் தாயை இத்தனை பக்கங்கள் நம் கண்ணெதிரே நடமாடவிட்டு, கடைசியில் அவளைக் குதிரையில் ஏற்றுகிறார் கார்ட்டர். சகோதரர்களின் வாளைத் தாயின் கையில் கொடுத்தது என்று இதைச் சுருக்கிச் சொன்னால் பாதி அழகு போய்விடும். அழகு அந்த மளிகைக் கடையில் இருக்கிறது.

கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பின் முதல் பதிப்பில், 1812இல், நீலத்தாடியும் இருந்தான். அடுத்த பதிப்பில் அவனை எடுத்துவிட்டார்கள். ஆனால் அவனுடைய உறவுக்காரக் கதை ஒன்று அங்கேயே தங்கிவிட்டது: ‘ஃபிட்சரின் பறவை’. அதில் மூன்று சகோதரிகளுக்கு, ஒருவர்பின் ஒருவராக, சாவியோடு ஒரு முட்டையும் தருகிறான் மந்திரவாதி. இரண்டு தமக்கையரும் முட்டையைக் கையோடு கொண்டுபோய் இரத்தத்தில் தவறவிடுகிறார்கள். மூன்றாமவள் முட்டையைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டுத்தான் அறையைத் திறக்கிறாள். அவ்வளவே வித்தியாசம்! பிறகு தமக்கையரின் துண்டுபட்ட உறுப்புகளை ஒழுங்காக அடுக்கி உயிர்ப்பிக்கிறாள். ஒரு மண்டையோட்டுக்கு மணமகள் நகைகளும் பூமாலையும் அணிவித்து மாடிச் சன்னலில் வெளியே பார்க்க வைக்கிறாள். தேனில் முழுகி இறகுகளில் புரண்டு, பறவைபோல நடந்தே தப்பிவிடுகிறாள். வழியில் எதிர்ப்படும் மந்திரவாதிகூட அவளை அடையாளம் காணவில்லை. இதைப் படித்தபிறகு கார்ட்டரின் அறைக்குள் போனால், அங்கே ஒரு மண்டையோடு மணமகளின் மெல்லிய முக்காடும் வெள்ளை ரோஜா மாலையும் அணிந்து தொங்குகிறது. கிரிமில் பெண்ணின் தந்திரமாக இருந்த அலங்காரம், இங்கே கணவனின் கைவேலையாகிவிட்டது. உடல் சிலிர்க்காமல் அந்த வரியைக் கடக்க என்னால் முடிவதில்லை.

கார்ட்டர் பிறகு உலகக் கதைகளைத் தேடித் தொகுக்கத் தொடங்கினார். முதல் தொகுதி 1990இல் வந்தது. இரண்டாவதை நோயோடு செய்துகொண்டிருந்தார், 1992இல் ஐம்பத்தொரு வயதில் போய்விட்டார். அவருடைய கதைகளுக்குள் நுழைய விரும்புகிறவர்கள் முதலில் பெரோவைப் படிக்கட்டும், கால்மணி நேரம்கூட ஆகாது. அடுத்து ஃபிட்சரின் பறவை. அதற்குப் பிறகு கார்ட்டரின் நீண்ட கதையை அவசரமில்லாமல், ஒரே மூச்சில் முடித்துவிடாமல், அந்த மாணிக்கப் பட்டையில் ஒரு நாளும் அந்தத் தங்கக் குழாயில் ஒரு நாளும் தங்கிப் படிக்கலாம்.