'கில்லிங் மிஸ்டர் கிரிஃபின்' நாவல்: கூட்டாளிகள் மட்டுமா காரணம்?

லோயிஸ் டங்கன் எழுதிய 'கில்லிங் மிஸ்டர் கிரிஃபின்' 1978இல் வெளிவந்த ஆங்கில இளையோர் நாவல். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளியைச் சுற்றி நடக்கும் கதை. கண்டிப்பான ஆங்கில ஆசிரியரைச் 'சும்மா கொஞ்சம் பயமுறுத்தலாம்'னு ஐந்து மாணவர்கள் கடத்துகிறார்கள். இதய நோயாளியான அவர் மலைப்பகுதியில் கட்டிப்போடப்பட்ட நிலையிலேயே இறந்துபோகிறார். அப்புறம் நடப்பதெல்லாம் அதை மறைக்கும் முயற்சிதான்.

ஆசிரியர் சாகிற கதையை மாணவர் கையில் கொடுக்கலாமா என்று நம்மில் சிலர் தயங்கக்கூடும். அமெரிக்காவிலும் 1990களில் நூலகங்களில் அதிக ஆட்சேபனைக்கு உள்ளான நூல்களில் இதுவும் ஒன்று. கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால், எப்படிக் கற்பிக்கிறோம் என்பது முக்கியம்.

'தீய நண்பர்களோடு சேராதே' என்று படிப்பினையை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது நமக்குச் சுலபம். தேர்வுக்கும் அது போதும். நாவல் காட்டுவதோ அதைவிடச் சிக்கலானது. ஐவரும் ஒரே காரணத்துக்காகச் சேரவில்லை. சூசனுக்கு நண்பர்களே கிடையாது. டேவிட் தன்னிடம் பேசினானே என்ற மகிழ்ச்சியில் தலையாட்டுகிறாள். வகுப்புத் தலைவனான டேவிட்டுக்கு வீட்டுப் பொறுப்புகளின் பாரம். அப்பா விட்டுப் போன வீடு அது. ஜெஃப், மார்க் சொன்னால் செய்கிறவன். பெட்சிக்கு மார்க் மீது ஈர்ப்பு. மார்க்கோ, வேறொருவரின் கட்டுரையைத் தன்னுடையதாகக் கொடுத்துப் பிடிபட்டு, கிரிஃபினிடம் அவமானப்பட்டவன். 'நண்பர்களின் தாக்கம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இங்கே ஐந்து விதமாக வேலை செய்கிறது. மார்க் யாரையும் மிரட்டிச் சேர்ப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் எது குறையோ அதைக் கொடுப்பதாகக் காட்டுகிறான், அவ்வளவுதான்.

கதைப்பின்னலும் இதற்குத் துணை நிற்கிறது. குற்றவாளி யார் என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும். 'அடுத்து யார் உடைந்துபோவார், அப்போது மார்க் என்ன செய்வான்' என்பதுதான் மர்மம். டேவிட் இறந்தவரின் மோதிரத்தை எடுத்துக்கொள்கிறான். அந்தச் சின்ன செயல் அவனுடைய பாட்டியின் உயிரையே வாங்கிவிடுகிறது. பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கும்போது 'இப்பவாவது சொல்லிடு' என்று வாசகனுக்கே பதற்றம் வருகிறது.

கிரிஃபினின் பாத்திரப்படைப்பை நாம் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். மாணவர்களை உண்மையிலேயே தயார்ப்படுத்தவேண்டும் என்றுதான் அவர் பல்கலைக்கழக வேலையை விட்டுப் பள்ளிக்கு வருகிறார். சூசனின் திறமையும் அவருக்குத் தெரியும். ஆனால் இதையெல்லாம் அறிந்தவர் வீட்டிலிருக்கும் மனைவி கேத்திதான். வகுப்பில் மாணவர் பார்ப்பது தாமதமான வேலையை ஏற்காத, பாராட்டத் தெரியாத ஒரு முகத்தை மட்டுமே. அவருக்கு நடந்ததற்கு இது நியாயமாகாது. என்றாலும் நம் அக்கறை மாணவருக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறதா என்று நாமும் கேட்டுக்கொள்ளலாம்.

நாவலின் குறை முடிவில்தான். மார்க் மனநோய்த் தன்மை கொண்டவன் என்று காட்டியதும் பழியெல்லாம் அவன் தலையில் விழுகிறது. மற்ற நால்வரும் ஏமாந்தவர்களாகத் தெரிகிறார்கள். காரை மறைத்தார்கள், பொய் சொன்னார்கள், அதற்கு யார் பொறுப்பு? 'எங்க வகுப்புல மார்க் மாதிரி யாரும் இல்ல சார்' என்று மாணவன் தப்பித்துக்கொள்ள நாவலே வழிவிடுகிறது. அந்த வழியை அடைப்பது நம் வேலை.

வகுப்பில் பயன்படுத்தச் சில வழிகள்:

1. ஐவருக்கும் தனித்தனி அட்டவணை: 'எந்த இடத்தில் நின்றிருக்கலாம்? ஏன் நிற்கவில்லை?' ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று இடங்களைக் குழுவாகத் தேடட்டும்.

2. மார்க்கின் பேச்சைப் பிரித்துப் பார்த்தல்: எங்கே புகழ்கிறான், எங்கே கிண்டலடிக்கிறான், எங்கே 'நாம' என்கிறான்?

3. சூசன் 'நான் வரல' என்று சொல்லும் உரையாடலை எழுதச் செய்தல். மூன்றே வரி போதும். எழுதிப் பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

4. 2010இல் கைப்பேசி போன்ற மாற்றங்களோடு மறுபதிப்பு வந்தது. இன்றைய வாட்ஸ்அப் குழுவில் இத்திட்டம் எப்படிப் பரவும்? எத்தனை பேர் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்கள்?

பாட்டியின் மரணமும் இறுதித் தீ வைப்புக் காட்சியும் கடுமையானவை. ஆகவே, படிவம் நான்குக்குக் கீழே வேண்டாம். மேல்படிவ மாணவர்களிடம் கொடுங்கள்; கொடுத்துவிட்டுப் பேசவும் விடுங்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தும் சொல்ல முடியாத மாணவர் எல்லா வகுப்பிலும் இருக்கிறார். அவர் வாய் திறக்க இந்தக் கதை ஒரு வாய்ப்பாக அமையலாம்.