நிறைவேறாத நிபந்தனை

நாவலைக் கணிப்பொறி விளையாட்டாக்கிய முயற்சிகளுள் 1982இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ குறிப்பிடத்தக்கதாகும். ஜே. ஆர். ஆர். டோல்கியன் 1937இல் வெளியிட்ட மாயப் புனைகதையே அதற்கு மூலம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் வெரோனிகா மெக்லரும் பிலிப் மிட்செலும் முன்னின்று அதனை உருவாக்கினர். விளையாட்டோடு நாவலும் சேர்த்தே விற்கப்பட்டது.

சில இடங்களுக்குப் படம் உண்டாயினும், இவ்விளையாட்டு சொல்லால் நடப்பது. திரையில் ஓரிடத்தின் வருணனை தோன்றும். ‘கிழக்கே போ’, ‘கதவைத் திற’ என்பன போன்ற கட்டளைகளை ஆடுபவர் ஆங்கிலத்தில் தட்டெழுத, பொறி விடை தரும். கதைத்தலைவன் பில்போவின் இடத்தில் ஆடுபவரே நிற்கிறார். அவர் வாளாவிருந்தாலும் கதை நில்லாது. குள்ளர் தலைவன் தோரின் உட்கார்ந்து பொன்னைப் பற்றிப் பாடத் தொடங்கிவிடுவான். ஏனைய மாந்தரும் தத்தம் போக்கில் உலவுவர்; ஆடுபவர் காணாத இடத்தில் ஒருவர் மடிந்துபோதலும் உண்டு. எத்தனை முறை படித்தாலும் மாறாத கதை, ஆடுந்தோறும் வேறுபடுகிறது. இஃது அதன் தனிச்சிறப்பு எனலாம்.

ஆயினும், நாவலின் நிகழ்ச்சிகளோடு அதன் உயிரும் வந்து சேர்ந்ததா என்பதே வினா. நாவலில், நெருப்பு உமிழும் நாகம் வீழ்ந்தபின் அதன் புதையலுக்காகப் போர் மூளும் நிலை வருகிறது. அப்போது பில்போ, தன் கைக்குக் கிட்டிய ஒப்பற்ற மணியை எதிரணியினரிடம் கொடுத்துச் சமாதானம் தேடுகிறான். அதனால் தோரினின் கடுஞ்சினத்திற்கும் ஆளாகிறான். செல்வம் தேடிப் புறப்பட்டவன் செல்வத்தைத் துறக்கும் அவ்விடமே நாவலின் உச்சம். விளையாட்டிலோ, புதையலை வீட்டிற்குக் கொணர்ந்து பேழையில் இட்டால் வெற்றி. வென்ற அளவு நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடப்படுகிறது. துறவுக்கு அக்கணக்கில் இடமில்லை.

இவ்வேறுபாட்டை மலாக்கா மண்ணின் பழங்கதை ஒன்று தெளிவாக்கும். தங்கா பத்து, ஜாசின் வட்டாரத்து மாணவர்க்கு லேடாங் மலை இளவரசியின் கதை புதிதன்று. ‘செஜாரா மெலாயு’ கூறும் அக்கதையில், தன்னை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானிடம் அவள் பொற்பாலமும் வெள்ளிப் பாலமும் கேட்கிறாள். தட்டுத் தட்டாகக் கொசுவின் இதயம் கேட்கிறாள். முடிவில் அரசனின் குருதியும் இளவரசனின் குருதியும் கேட்கிறாள். மற்றவை அனைத்தும் தரலாம், குருதி தர மனம் இசையவில்லை என்று சுல்தான் அம்மணத்தையே கைவிடுகிறான்.

இக்கதையை அவ்விளையாட்டின் இலக்கணப்படி அமைத்தால், இறுதி நிபந்தனையை நிறைவேற்றாத அரசன் தோற்றவனாவான். கதையிலோ அந்த மறுப்பே அவனை மனிதனாக உயர்த்துகிறது. விளையாட்டு, செய்து முடித்தவற்றை எண்ணுகிறது. இலக்கியம், செய்ய மறுத்ததையும் எடைபோடுகிறது.

இக்குறையைச் சொல்விளையாட்டு என்னும் வடிவத்தின் மீதே சுமத்துதல் முறையன்று. 48 கிலோபைட் நினைவகத்துள் ஓர் உலகத்தை அடக்க வேண்டிய நெருக்கடி அக்காலத்தவர்க்கு இருந்தது. இன்று அத்தடை இல்லை. ஆதலின், தமிழ் நாவலொன்றை மாணவரைக் கொண்டு சொல்விளையாட்டாக்க முனையும் ஆசிரியர், ‘எடு’ என்னும் கட்டளைக்கு விடை எழுதுவித்தபின், ‘கொடு’, ‘மறு’ என்னும் கட்டளைகளுக்கும் விடை எழுதச் சொல்லுதல் வேண்டும். அவ்விடைகளை எழுதும்போதுதான் மாணவர் நாவலை உண்மையில் படித்தவராவர்.