சுழி அடைபட்ட எழுத்து

இணையத்தில் தமிழ் வருமா என்று கேட்ட காலம் போய்விட்டது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்திரிகைத் தளம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துரு. அதைத் தனியே இறக்கிப் போடாவிட்டால் புரியாத குறிகளாகத் திரை நிறையும். விண்டோஸ் 2000-உடன் 'லதா' வந்தாள். யுனிகோட் பரவியது. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்று ஆணையிட்டது. ஆக, தமிழ் வருகிறது. வாசிக்க வருகிறதா?

நான் சொல்வது குமரி மாவட்டச் செய்தி போடும் சிறு தளங்களை. பேர் வேண்டாம். பேச்சிப்பாறை அணை எப்போது திறப்பார்கள், தோவாளையில் பிச்சிப்பூ கிலோ என்ன விலை, யார் வீட்டில் சாவு என்று நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் இன்று போனில் பார்ப்பது இவற்றில்தான். தாழக்குடி அத்தான் ஒருவர், எழுபது தாண்டியவர், "கண்ணு போச்சு மாப்பிளே, புரை விழுந்துட்டுன்னு நெனைக்கேன்" என்றார். அதே கண்ணாடியோடு காலையில் தினசரியைக் கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்தவர்! கண்ணில் குற்றமில்லை. பக்கத்தில் இருக்கிறது குற்றம்.

ஆங்கிலத்துக்கு எடுத்த அளவில் தமிழுக்குச் சட்டை தைக்கிறார்கள். ஆங்கில 'ஓ' ஒரே வட்டம். 14 பிக்ஸலில் தாராளமாக நிற்கும். நம்முடையது மூணு சுழி ண, ரெண்டு சுழி ன. அதே 14 பிக்ஸலில் சுழிகள் அடைபட்டுப்போனால் பனியா, பணியா? மெய்யின் தலைப்புள்ளியும் கரைந்துவிடுகிறது. ஓலையில் எழுதியவன் புள்ளி வைக்கவில்லை என்றால், எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்கிற நியாயம் உண்டு. உமக்கு என்னவே நியாயம்?

கருவியைக் குறை சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் 1998-ல் அறிவித்த கிளியர்டைப், ஒரு பிக்ஸலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் ஓரத்தைச் சீராக்கியது. இன்றைய போன் திரையில் பிக்ஸல்கள் கண்ணுக்கே தெரியாத நெருக்கம். கூர்மைக்குப் பஞ்சமில்லை. மிச்சம் இருப்பது அலட்சியம்தான்.

நல்ல எழுத்துருவையும் கெடுக்கிறார்கள். 'மீரா இனிமை' என்று ஒன்று. களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்காரர்கள் தமிழுக்கென்று செய்து, இலவசமாகத் தந்தது. எனக்குப் பிடித்தமானது. ஆனால் அதில் ஒரே கனம்தான். தடித்த எழுத்து கிடையாது. தலைப்பைத் தடிப்பாக்கு என்று கட்டளை கொடுத்தால், பிரவுசர் அதையே பக்கவாட்டில் இழுத்துப் பூசிவிடும். 'ஞ' மைக்கறையாகிவிடும். 'கட்டுமரம்' என்று பொருள்படும் 'கேட்டமரன்' எழுத்துருவிலோ ஒல்லி முதல் தடி வரை ஒன்பது கனம். நம்மாட்கள் அதில் மயிரிழையாக இருப்பதைப் பொறுக்கி, வெளிர்சாம்பலில் ஓடவிடுகிறார்கள். பார்க்க அழகுதான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த அல்வா மாதிரி. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்று உலகளாவிய இணைய வழிகாட்டி சொல்கிறது. அதை யார் பார்த்தார்?

வரிக்கு வரி இடைவெளியிலும் கஞ்சத்தனம். மேல்வரியின் 'ழு' கீழே இறங்கும், கீழ்வரியின் 'கீ' மேலே ஏறும். எழுத்தின் அளவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வரி உயரம் விடாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பத்திரிகை அச்சில் நீளச் சொல்லை வரிக்கடைசியில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள். இணையத்தில் உடைக்காமல், இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று இழுத்துக் கட்டுகிறார்கள். 'அறிவிக்கப்பட்டிருக்கிறது' மாதிரி ஒரு சொல் வந்தால் போன் திரையில் வரிக்கு இரண்டே சொல். நடுவில் பல் போன பொக்கை.

18 பிக்ஸல், கறுப்பு, உண்மையான தடித்த எழுத்து, தாராள இடைவெளி, இடது ஓரம் மட்டும் நேர். அரைமணி நேர வேலை, காசு செலவில்லை. அதுவரை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கி வாசித்துக்கொள்ளலாம் என்றால், சில தளங்கள் அதையும் பூட்டி வைத்திருக்கின்றன. எந்தக் கள்ளனுக்குப் பயந்து?