விடைக்கு முந்தைய வரி: புள்ளியியல், நிகழ்தகவுக் கணக்குகளை ரசிப்பது எப்படி?

புள்ளியியலும் நிகழ்தகவும் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரே பாடமாக, கடைசியில் வருகின்றன. தேர்வு நெருங்கும் நேரத்தில் நடத்தப்படுவதால் அந்தப் பாடம் பெரும்பாலும் சூத்திரமாகவே மனத்தில் தங்கிவிடுகிறது: திட்ட விலக்கம் என்றால் வர்க்கமூலம், இரண்டு பகடை என்றால் 36, சீட்டுக்கட்டு என்றால் 52. சூத்திரம் மதிப்பெண் வாங்கித் தரும். கணக்கின் சுவையோ அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது. எண்ணப்படுவது எது, சம வாய்ப்புள்ளவை எவை, எழுதப்போகும் ஒற்றை எண் எதைச் சொல்லும், எதை மறைக்கும் என்று தீர்மானிக்கும் வரி அது. அங்கே நின்று நிதானித்துப் பழகுபவருக்குப் புத்தகத்தில் உள்ள அதே பயிற்சிக் கணக்குகள் வேறு முகம் காட்டும்.

சராசரியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள்; மாத வருமானம் ரூபாயில் 12,000, 15,000, 15,000, 18,000, 2,40,000. கூடுதல் 3,00,000, சராசரி 60,000. அறுபதாயிரத்துக்குப் பக்கத்தில் வருமானம் உள்ள குடும்பம் அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை. இடைநிலை அளவு 15,000, முகடும் அதுவே. மூன்றையும் காண்க என்று கேட்கும் கணக்கு இத்துடன் முடிந்துவிடும். ரசிப்பவர் இன்னொரு கேள்வி கேட்டுப் பார்ப்பார்: ஐந்தாவது குடும்பத்தின் வருமானம் இரட்டிப்பானால் எது நகரும்? சராசரி 1,08,000-க்குத் தாவும்; இடைநிலை அளவு அசையாது. அதற்காகச் சராசரியைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. தெருவின் மொத்த வருமானம் வேண்டுமென்றால் சராசரியை ஐந்தால் பெருக்கினால் போதும். இடைநிலை அளவிலிருந்து மொத்தத்தை மீட்க வழியே இல்லை. கேள்வி மொத்தத்தைப் பற்றியதா, நடுவில் உள்ள வீட்டைப் பற்றியதா என்பதைப் பொறுத்தே எந்த அளவு பொருந்தும் என்று சொல்ல முடியும்.

சராசரிகளைச் சேர்க்கும் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். 40 பேர் உள்ள பிரிவின் சராசரி மதிப்பெண் 60, பத்துப் பேர் உள்ள பிரிவின் சராசரி 90. இரண்டுக்கும் நடுவே 75 என்று எழுதத்தான் கை பரபரக்கும். மொத்த மதிப்பெண் 2,400-உம் 900-உம் சேர்ந்து 3,300; 50 பேருக்குப் பகிர்ந்தால் 66. பெரிய பிரிவு சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது கண்ணுக்குத் தெரியும்.

திட்ட விலக்கம்தான் இந்தப் பாடத்தில் அதிகம் அஞ்சப்படுவது. உண்மையில் அதிகம் ரசிக்கத் தகுந்ததும் அதுவே. ஒரு மாணவி ஐந்து தேர்வுகளில் வாங்கியவை 48, 49, 50, 51, 52. இன்னொருவர் வாங்கியவை 10, 30, 50, 70, 90. இருவருக்கும் சராசரி 50. வேறுபாட்டைச் சொல்ல, ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்துக் கூட்டினால் பூச்சியம்தான் வரும். எந்த எண் தொகுதியிலும் அப்படித்தான் வரும், ஏனென்றால் மேலே போனதும் கீழே போனதும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடமே சராசரி. அதனால்தான் விலக்கங்களை வர்க்கமாக்கிக் கூட்டி, சராசரி கண்டு, வர்க்கமூலத்தால் பழைய அலகுக்குத் திரும்புகிறது சூத்திரம்.

இந்த இரண்டு பட்டியல்களுக்கும் சூத்திரத்தை முழுதாகப் போடத் தேவையில்லை. 48 முதல் 52 வரை என்பது 1, 2, 3, 4, 5 என்பதை 47 தள்ளிவைத்த வடிவம். எல்லா எண்களையும் ஒரே அளவு நகர்த்தினால் அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளி மாறாது. திட்ட விலக்கமும் மாறாது. முதல் n இயல் எண்களின் விலக்க வர்க்கச் சராசரி n²-இலிருந்து 1-ஐக் கழித்து 12-ஆல் வகுத்தது. ஐந்து எண்களுக்கு 24/12, அதாவது 2. எனவே முதல் மாணவியின் திட்ட விலக்கம் √2, ஏறத்தாழ 1.41. இரண்டாவது பட்டியலில் இடைவெளி ஒவ்வொன்றும் இருபது மடங்கு. ஆகவே திட்ட விலக்கமும் சரியாக இருபது மடங்கு, 28.28. வர்க்க அட்டவணை எதுவும் போடாமல் இரண்டு விடைகளும் வந்து நிற்கின்றன. நகர்த்தலும் பெருக்கலும் எண்களின் பரவலை என்ன செய்கின்றன என்பதை இப்படி ஒருமுறை கண்டவர், படி விலக்க முறையை மனப்பாடமாகச் செய்யமாட்டார். அந்த முறை முழுவதும் இந்த இரண்டு உண்மைகளின் மேல்தான் நிற்கிறது.

விடையைச் சரிபார்க்கவும் ஒரு நல்ல வழி உண்டு. பாடநூல் முறைப்படி கண்ட திட்ட விலக்கம் வீச்சின் பாதியைத் தாண்டவே தாண்டாது. இரண்டாவது பட்டியலின் வீச்சு 80, பாதி 40. விடை 45 என்று வந்தால் பிழையைத் தேட வேண்டியதுதான். கணக்கைத் தொடங்கும் முன்பே ஓரத்தில் இந்த மேல்வரம்பைக் குறித்துவைத்து, விடை எங்கே விழும் என்று ஊகித்துவிட்டுச் செய்வது சிறந்த பயிற்சி. மாறுபாட்டுக் கெழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் அளந்துவிட்டு எதில் பரவல் அதிகம் என்று கேட்டால், அலகை அழித்துச் சதவீதமாக்கி ஒப்பிட உதவுவது அது.

நிகழ்தகவில் முதல் வரியின் பெயர் கூறுவெளி. அந்த வரி எவ்வளவு கடினமானது என்பதற்குச் சாட்சி பிரெஞ்சுக் கணித மேதை தலாம்பேர். 1754-இல் வெளியான பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில் அவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்: ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழ வாய்ப்பு என்ன? முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூவுக்குப் பின் தலை, அல்லது பூவுக்குப் பின் பூ. ஆக மூன்று விளைவுகள், இரண்டில் வெற்றி, விடை 2/3 என்றார். சரியான விடை 3/4. அவர் எண்ணிய மூன்றும் நடக்கக்கூடியவைதான். ஆனால் முதலாவதன் வாய்ப்பு 1/2, மற்ற இரண்டுக்கும் தலா 1/4. சம எடையில்லாதவற்றைச் சமமாக எண்ணியதே பிழை. மர வரைபடம் போட்டு ஒவ்வொரு கிளையிலும் பின்னத்தை எழுதினால் இது பளிச்சென்று தெரியும். மாணவர்கள் மர வரைபடத்தைப் படத்துக்கான மதிப்பெண் என்று நினைத்து அவசரமாகக் கிறுக்குவது வருத்தத்துக்குரியது. தலாம்பேருக்கே தேவைப்பட்ட படம் அது.

இன்னும் நுட்பமான ஒரு கணக்கு கலிலியோவுக்கு வந்தது. மூன்று பகடைகளை உருட்டும்போது கூடுதல் 9 வருவதைவிட 10 வருவது சற்று அதிகம் என்று சூதாடிகள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். ஆனால் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் ஆறு ஆறு வழிகள்தான். ஒன்பதுக்கு 6-2-1, 5-3-1, 5-2-2, 4-4-1, 4-3-2, 3-3-3. பத்துக்கு 6-3-1, 6-2-2, 5-4-1, 5-3-2, 4-4-2, 4-3-3. பிறகு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பகடைகளுக்குச் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் கொடுத்துப் பார்த்தால் புதிர் அவிழும். 6-2-1 என்ற தொகுப்பு ஆறு விதமாக விழும். 5-2-2 மூன்று விதமாக. 3-3-3 ஒரே விதமாக. கூட்டினால் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27, மொத்தம் 216-இல். வேறுபாடு 108-இல் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய வேறுபாட்டை ஆட்ட மேசையில் உணர்ந்தவர்களின் கூர்மையும் வியக்க வேண்டியதே.

இரண்டு பகடைக் கணக்குகளுக்கு வரைபடத்தாளில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, கேட்ட நிகழ்ச்சிக்கு நிறம் தீட்டிப் பார்ப்பது நல்லது. கூடுதல் 7 என்பது ஒரு மூலைவிட்டம். இரண்டு எண்களும் சமம் என்பது எதிர் மூலைவிட்டம். கூடுதல் பகா எண் என்றால் 2, 3, 5, 7, 11 என்று ஐந்து சாய்கோடுகளில் 1, 2, 4, 6, 2 கட்டங்கள், மொத்தம் 15, நிகழ்தகவு 5/12. பெருக்கற்பலன் 12 என்றால் கோடு வளைந்துவிடும். சில கணக்குகள் செய்த பிறகு கட்டம் மனத்திலேயே தோன்றும், எழுதவும் வேண்டியிருக்காது.

கூட்டல் தேற்றத்தில் வரும் கழித்தல் குறியை ஒரே சீட்டில் காட்டிவிடலாம். 52 சீட்டுகளில் ஒன்றை எடுக்கும்போது அது ராஜாவாகவோ ஹார்ட்டாகவோ இருக்க நிகழ்தகவு என்ன? ராஜாக்கள் 4, ஹார்ட் 13, ஆனால் ஹார்ட் ராஜா இரண்டு பட்டியலிலும் நிற்கிறது. ஒருமுறை நீக்கினால் 16, விடை 4/13. மூன்று நிகழ்ச்சிகளுக்கான நீண்ட சூத்திரமும் இதே வேலைதான்: ஒவ்வொரு கூறுபுள்ளியும் கடைசியில் ஒரே ஒரு முறை எண்ணப்பட வேண்டும்.

“குறைந்தது ஒன்று” என்ற சொற்கள் கேள்வியில் வந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது சுருக்கம். இந்த வழியின் வரலாறு நிகழ்தகவின் பிறப்போடு சேர்ந்தது. 1654-இல் கணித மேதைகளான பாஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் ஷெவாலியே தெ மேரே என்பவரின் பகடைச் சிக்கலும் வருகிறது. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையாவது 6 விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் இரட்டை 6 ஒரு முறையாவது விழும் என்று கட்டுவது நட்டம். 4/6-உம் 24/36-உம் ஒரே 2/3 என்று கணக்குப் போட்டவருக்கு இது முரணாகத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டல் முறையே தவறு. அதன்படி ஒரு பகடையை ஏழு முறை உருட்டினால் நிகழ்தகவு 7/6 ஆகிவிடும். எந்த நிகழ்தகவும் ஒன்றைத் தாண்டக் கூடாது. ஒரு முறைகூட 6 விழாமல் இருப்பது 5/6-ஐ நான்கு முறை பெருக்கியது, 625/1296. எனவே முதல் பந்தயம் 671/1296, அதாவது 0.518. 35/36-ஐ 24 முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் இரண்டாவது பந்தயம் 0.491. பாதிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. விடை ஐயமாக இருக்கும்போது எண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பது, இங்கே ஏழு உருட்டல் என்று வைத்துப் பார்த்ததைப் போல, எந்த நிகழ்தகவுக் கணக்கிலும் கைகொடுக்கும்.

இதே வழியில் போனால் பிறந்தநாள் கணக்கு வரும். 23 பேர் இருக்கும் இடத்தில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு 50.7 சதவீதம், 40 பேர் உள்ள வகுப்பில் ஏறத்தாழ 89 சதவீதம். 365 நாளுக்கு 23 பேர் போதுமா என்று மலைப்பவர், ஆட்களை விட்டுவிட்டு ஜோடிகளை எண்ணட்டும்: 23 பேருக்குள் 253 ஜோடிகள். வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய கணக்கு இதைவிடச் சுவையானது பள்ளிப் பாடத்துக்கு அருகில் வேறில்லை.

சோதனை செய்து பார்ப்பதும் ரசனையின் ஒரு பகுதி. ஜான் கெரிச் என்ற கணிதவியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். அங்கே அவர் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்துவைத்தார். தலை விழுந்தது 5,067 முறை. சரிபாதிக்கு மேல் 67 அதிகம். விகிதமாகப் பார்த்தால் 0.5067. சுண்டல்கள் கூடக்கூட விகிதம் பாதியை நெருங்கும், ஆனால் தலைகளின் எண்ணிக்கை சரிபாதியில் வந்து நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொடர்ந்து ஐந்து தலை விழுந்த பிறகு அடுத்தது பூதான் என்று நினைப்பவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார். நாணயம் பழைய கணக்கை நேர்செய்வதில்லை. புதிய சுண்டல்களின் பெருக்கத்தில் பழைய வேறுபாடு சிறிதாகித் தெரிகிறது. இருபது பேர் ஆளுக்கு 50 முறை சுண்டிப் பலகையில் எழுதினால் ஒரே பாடவேளையில் ஆயிரம் சுண்டல் கிடைக்கும்.

கடைசியாக, பள்ளிகளில் வழிவழியாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி: லீப் ஆண்டில் 53 சனிக்கிழமைகள் வர நிகழ்தகவு என்ன? 366 நாட்களில் 52 வாரங்கள் போக இரண்டு நாள் மிச்சம். அந்த இரண்டும் ஞாயிறு-திங்கள், திங்கள்-செவ்வாய் என்று ஏழு ஜோடிகளில் ஒன்று; சனிக்கிழமை இரண்டு ஜோடிகளில் வருகிறது. விடை 2/7. தேர்வில் இதுவே சரி. இங்கும் முதல் வரியை உற்றுப் பார்த்தால், ஏழு ஜோடிகளும் சம வாய்ப்புள்ளவை என்று எடுத்துக்கொண்டிருப்பது தெரியும். நடைமுறையில் உள்ள கிரிகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை கிழமையோடு அப்படியே திரும்ப வரும், ஏனென்றால் அதிலுள்ள 1,46,097 நாட்கள் மீதியின்றி 20,871 வாரங்கள். அந்த 400 ஆண்டுகளில் லீப் ஆண்டுகள் 97. 97-ஐ ஏழு கிழமைகளுக்குச் சமமாகப் பங்கிட முடியாது. பொறுமையாக எண்ணினால் ஞாயிறு அல்லது வெள்ளியில் தொடங்கும் லீப் ஆண்டுகள் தலா 15; செவ்வாய், புதனில் தலா 14; திங்கள், வியாழன், சனியில் தலா 13. லீப் ஆண்டு வெள்ளியிலோ சனியிலோ தொடங்கினால்தான் 53 சனிக்கிழமை வரும். அப்படிப்பட்டவை 15-உம் 13-உம் சேர்ந்து 28. ஆக நாட்காட்டி தரும் விடை 28/97. பாடநூல் தரும் 2/7 என்பது 28/98. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் மட்டும் 27/97. மற்ற ஐந்து கிழமைகளுக்கும் 28/97.